நூத்துக்கு மூணு பேர்தான் சும்மா இருக்காங்களாம்!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 3.2 பேர். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் முறைப்படி வெளியிட்ட கணக்கு இது. 2024 நடுவில் அமெரிக்காவில் நூற்றுக்கு 4 பேர். தென் ஆப்பிரிக்காவில் 32 பேருக்கும் மேல்!

ஆக, அமெரிக்காவைவிட நம்ம நாட்டில் வேலை சுலபமாகக் கிடைக்கிறது. நியூயார்க் ஆசாமி ஒருத்தர் பயோடேட்டாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போளூர் பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி!

சிரிக்காதீர்கள் ஸார். கணக்கில் பொய் இல்லை. பொய் இல்லாத கணக்கு எப்படி இப்படி ஒரு வேடிக்கையான முடிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் விஷயம். நான் திருவண்ணாமலைக்காரன். இந்தச் சமாசாரத்தைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைவிடத் தோதான ஊர் கிடையாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சாமியார் வேலையில்லாதவரா?

முதலில் ஒரு சந்தேகம். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்துப் பக்கம் காவி கட்டி உட்கார்ந்திருக்கிறாரே ஒரு சாமியார், அவர் வேலையில்லாதவரா?

இல்லை! அரசாங்கக் கணக்குப்படி அவர் வேலையில்லாதவர் அல்லவே அல்ல. ஏனென்றால் அவர் வேலை தேடவில்லை.

உலகம் பூரா இந்தக் கணக்குக்கு ஒரே சூத்திரம்தான். ஜெனீவாவில் இருக்கிற ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கூட்டத்தில், உலகத்துப் புள்ளியியல்காரர்கள் 1982ல் கூடிப் பேசி வகுத்தது. மக்களை மூணு பெட்டியில் போடு. வேலை செய்கிறவர் முதல் பெட்டி. வேலை இல்லை, ஆனால் தேடுகிறார், கிடைத்தால் செய்யத் தயார் - இவர் இரண்டாம் பெட்டி. வேலையும் இல்லை, தேடவும் இல்லை - இவர் மூணாம் பெட்டி. மாணவர், பென்ஷன்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தரசி, நம்ம சாமியார் எல்லோரும் இந்த மூணாவதில்.

வேலையின்மை சதவிகிதம் என்பது, முதல் இரண்டு பெட்டிகளிலும் இருக்கிற மொத்தப் பேரில் இரண்டாம் பெட்டிக்காரர்கள் எவ்வளவு என்பது. மூணாம் பெட்டியைத் தொடவே மாட்டார்கள். இதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வேலை இருக்கிறது.

சரி, 'வேலை செய்கிறவர்' என்றால் எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்? எட்டு மணி நேரமா? நாலு மணி நேரமா?

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்!

ஆமாம். போன ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் சம்பாத்தியத்துக்காக ஏதாவது செய்திருந்தால் அவர் வேலையில் இருக்கிறவர். இதில் சதி எதுவும் இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு மணி நேர உழைப்பும் சேர்கிறது. உற்பத்திக் கணக்கும் உழைப்புக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வைத்த விதி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் குடும்பம் நடக்குமா என்று இந்த நம்பரிடம் கேட்கக் கூடாது. அது பதில் சொல்லாது.

பௌர்ணமிக் கணக்கு

நம்ம நாட்டில் இந்தக் கணக்கை எடுக்கிற சர்வேயைச் சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். என்பார்கள். 2017ல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால், 1972-73லிருந்து சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு தினுசாகக் கேட்பார்கள். 'போன வருஷம் பூரா என்ன செய்தீர்கள்?' என்பது ஒன்று. 'போன வாரம் என்ன செய்தீர்கள்?' என்பது இன்னொன்று.

இதை எங்கள் ஊர் பௌர்ணமி வியாபாரியை வைத்துப் பார்ப்போம். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டலும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற ஓர் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பௌர்ணமிக்கு இரண்டு நாள் வியாபாரம். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள். மீதிப் பதினோரு பௌர்ணமிக்கு இருபத்திரண்டு நாள். ஆக மொத்தம் வருஷத்துக்கு 32 நாள்.

வருஷக் கணக்கில் ஒரு விதி இருக்கிறது. பெரும்பாலான நாள் வேலை இல்லாவிட்டாலும், உபதொழிலாக முப்பது நாளோ அதற்கு மேலோ ஏதாவது செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர்தான். நம்ம சுண்டல் ஆசாமி 32 நாள். பாஸ்! அண்ணாமலையார் புண்ணியத்தில் இரண்டு நாள் கூடவே இருக்கிறது.

அதே ஆளை வாரக் கணக்கில் கேளுங்கள். பௌர்ணமி வந்த வாரம் 'வேலையில் இருக்கிறார்'. அமாவாசை வந்த வாரம் 'வேலையில்லை, கிடைத்தால் செய்வேன்' என்பார், இரண்டாம் பெட்டி. மனுஷன் ஒருத்தர்தான். கேள்வி மாறினால் பெட்டி மாறுகிறது.

2023-24ல் வருஷக் கணக்குப்படி 3.2 சதவிகிதம் என்றேன் இல்லையா? அதே ஆண்டு, அதே சர்வே, வாரக் கணக்குப்படி 4.9 சதவிகிதம்! 2025லிருந்து மாதாமாதம் நம்பர் வெளியிட ஆரம்பித்தார்கள். முதல் நம்பர் 2025 ஏப்ரலுக்கு, 5.1 சதவிகிதம். 'ஐயையோ, ஒரே வருஷத்தில் மூணிலிருந்து அஞ்சுக்கு எகிறிவிட்டதே' என்று யாராவது வாட்ஸப்பில் அலறினால் பதறாதீர்கள். மாத நம்பர் வாரக் கணக்கு. 3.2 வருஷக் கணக்கு. இரண்டையும் ஒப்பிடுவது வாழைப்பழத்தை டஜனிலும் வெண்டைக்காயைக் கிலோவிலும் வாங்கிவிட்டு எது அதிகம் என்று கேட்பது மாதிரி.

இன்னொரு சங்கதியும் பௌர்ணமியில் ஒளிந்திருக்கிறது. தீபத்து மாசத்தில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் வேலை. அடுத்த மாசம் பாதிப் பேர் சும்மா. அதை வைத்து 'திருவண்ணாமலையில் பொருளாதார வீழ்ச்சி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் ஆள் எடுப்பார்கள், ஜனவரியில் அனுப்பிவிடுவார்கள். வருஷா வருஷம் வந்துபோகிற இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் அங்கே தலைப்புச் செய்தி நம்பரைத் தருகிறார்கள். அதைத்தான் பருவகாலத் திருத்தம் என்கிறார்கள். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், தீபத்தைக் கழித்த கணக்கு!

பையன் என்ன பண்றார்?

எங்கள் தெருவில் ஒரு பி.இ. பையன். வயது 27. மெக்கானிக்கல். சென்னையில் இரண்டு வருஷம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டான். காலையில் டி.என்.பி.எஸ்.ஸி. புத்தகம். சாயங்காலம் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி, தாழ்ப்பாள் எடுத்துக் கொடுப்பான். சம்பளம்? அப்பாவிடம் யார் சம்பளம் கேட்பது!

"மாமா, நான் வேலையில இருக்கேனா, இல்லையா?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டான்.

"அரசாங்கக் கணக்குல வேலையிலதான்டா இருக்கே" என்றேன். "குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவியாளர். சர்வேயில் அதுக்குத் தனி நம்பரே உண்டு. இருபத்தொண்ணு."

"இதை அம்மாகிட்ட சொல்லுங்க மாமா. பொண்ணு வீட்டுல கேட்டா சொல்லிக்கட்டும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இவன் ஒருத்தன் இல்லை. 2023-24ல் நாட்டில் வேலை செய்கிறவர்களில் 58 சதவிகிதத்துக்கு மேல் சுயதொழில்காரர்கள். அதிலும் கிட்டத்தட்ட மூணில் ஒருத்தர் இந்த 'சம்பளமில்லா உதவியாளர்' ரகம். மாதச் சம்பளக்காரர்கள் 22 சதவிகிதம்கூட இல்லை. மீதி எல்லாம் தினக்கூலி.

இதில் இன்னொரு கோணம். சர்வேக்காரர் வரும்போது பையன் வீட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டில் இருக்கிற வேறொருவர் சொன்னாலும் எழுதிக்கொள்வார். 'பையன் சும்மா இருக்கான்' என்று எந்த அம்மா வாய் திறந்து சொல்வாள்?

இப்போது தென் ஆப்பிரிக்கா மர்மம் புரிகிறதா? அங்கே சின்னக் கடையும் சொந்த நிலமும் வைத்திருக்கிற குடும்பங்கள் நம்மூர் அளவுக்குக் கிடையாது. வேலை போனால் போனதுதான். வீட்டுக் கல்லாவில் போய் உட்கார முடியாது. அதனால் அவர்கள் கணக்கில் தெரிகிறார்கள். நம்மூரில் குடும்பம் தாங்கிக்கொள்கிறது. அதனால் கணக்கில் தெரிவதில்லை. பரம ஏழைக்கோ அந்தத் தாங்கலும் கிடையாது. இன்றைக்குக் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஐம்பது ரூபாய் கிடைத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும் ஸார்!

அதனால்தான் நம்ம நாட்டில் வேலையின்மை படித்தவர்களிடம் அதிகமாகத் தெரிகிறது. 2023-24ல் 15 முதல் 29 வயதுக்காரர்களில் 10.2 சதவிகிதம். பெங்களூரில் இருக்கிற அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் 25 வயதுக்குள் இருக்கிற பட்டதாரிகளிடம் வேலையின்மை 42 சதவிகிதம்!

தார் சுத்துற அக்கா

ஆரணி எங்கள் மாவட்டம்தான். பட்டுக்குப் பேர்போன ஊர். தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் வீட்டுக்காரர். அவருக்குத் தார் சுத்திக் கொடுத்து, பாவுக்கு ஒத்தாசை செய்து, நடுவில் சோறும் ஆக்குகிறவர் மனைவி. சர்வேக்காரர் "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் வீட்டுக்காரர் சொல்கிற பதில்: "வீட்டுலதான் சார் இருக்கா."

எழுதுகிறவர் அவசரக்காரராக இருந்தால் மூணாம் பெட்டி. பொறுமைசாலியாக இருந்து, "தார் யார் சுத்துறது?" என்று இன்னொரு கேள்வி போட்டால் முதல் பெட்டி. ஒரு கேள்வியில் ஓர் ஆள் தொழிலாளர் படையில் சேர்ந்துவிடுகிறார்.

விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேர்ப்பது, வீட்டுக்கே துணி தைப்பது - இதையெல்லாம் வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்கிற பெண்களுக்கு நம்ம சர்வேயில் தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மூணாம் பெட்டிக்குள்ளேதான்.

இப்போது முடிச்சை அவிழ்ப்போம். மூணாம் பெட்டியை அளக்க ஒரு நம்பர் இருக்கிறது: உழைப்பில் பங்கேற்பு விகிதம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் முதல் இரண்டு பெட்டிகளில் இருக்கிறார்கள் என்பது. 2017-18ல் இந்தியப் பெண்களில் 23.3 சதவிகிதம். 2023-24ல் 41.7 சதவிகிதம். ஆறே வருஷத்தில் இவ்வளவு ஏற்றம்!

கை தட்டலாமா? ஒரு கையால் தட்டலாம். எங்கள் மாவட்டத்து செய்யாறு சிப்காட்டில், தைவான் கம்பெனியின் ஷூ தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பி.எஃப். உண்டு, மாதச் சம்பளம் உண்டு. பிராவிடண்ட் ஃபண்ட் அலுவலகம் மாதாமாதம் வெளியிடுகிற புது உறுப்பினர் கணக்கில் இவர்கள் வருவார்கள். இதற்கு ஒரு கை.

ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால், கூடுதலாக வந்த பெண்களில் பெரும்பாலோர் சுயதொழில், வீட்டுத் தொழில், விவசாயம் பக்கம்தான். 2018-19ல் உழைப்பாளிகளில் 42.5 சதவிகிதம் பேர் விவசாயத்தில். 2023-24ல் 46.1. நாடு வளர வளர விவசாயத்திலிருந்து ஆட்கள் ஃபாக்டரிக்கும் ஆபீஸுக்கும் போவதுதான் உலக வழக்கம். இங்கே வண்டி ரிவர்ஸில் வந்திருக்கிறது. அதனால் இன்னொரு கையைக் கொஞ்சம் பொறுத்துத் தட்டலாம்.

கொரோனாவில் குறைந்த வேலையின்மை!

இந்த நம்பரின் விளையாட்டு உச்சத்துக்குப் போன சமயம் ஒன்று உண்டு. 2020 மார்ச். ஊரடங்கு. அதிலிருந்து சுமார் இரண்டு வருஷம் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை. ஆட்டோ ஓடவில்லை, லாட்ஜ் திறக்கவில்லை, சுண்டல் வண்டி வீட்டு வாசலில் துருப்பிடித்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14.8 சதவிகிதத்தைத் தொட்டது. இங்கே சி.எம்.ஐ.ஈ. என்ற தனியார் அமைப்பு எடுத்த சர்வே, இந்தியாவில் 23.5 சதவிகிதம் என்றது.

அரசாங்கத்தின் வருஷக் கணக்கு என்ன சொன்னது தெரியுமா? 2018-19ல் 5.8. 2019-20ல் 4.8. 2020-21ல் 4.2. கொரோனா வருஷத்தில் வேலையின்மை குறைந்துவிட்டது!

யாரும் நம்பரைத் திருத்தவில்லை. ஊருக்குத் திரும்பியவர் அண்ணன் வயலில் களை எடுத்தார். முதல் பெட்டி. பள்ளி வேன் டிரைவர் வாசலில் காய்கறி விற்றார். முதல் பெட்டி. வருமானம் பாதியானது. பெட்டி மாறவில்லை. வேலையின்மை நம்பரை மட்டும் பார்த்திருந்தால், 2020-21 நல்ல வருஷம் என்று எழுதி வைத்திருப்போம்.

அடுத்த வீட்டுக் கணக்கு

மற்ற நாடுகள் எப்படி என்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இந்த நம்பர் வரும். இரண்டு சர்வே. ஒன்று சுமார் 60,000 வீடுகளில். அதிலிருந்து வேலையின்மை சதவிகிதம். இன்னொன்று கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில். அதிலிருந்து போன மாதம் எத்தனை வேலை கூடியது என்ற எண்ணிக்கை. கம்பெனிகளிடமிருந்து பதில் தாமதமாக வர வர, பழைய நம்பரைத் திருத்துவார்கள். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி, மே, ஜூன் மாதக் கணக்கில் 2,58,000 வேலைகளைக் குறைத்துத் திருத்தம் வந்தது. அன்றைக்கே அந்தத் துறையின் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரை ஜனாதிபதி டிரம்ப் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். வேலையின்மையை எண்ணுகிறவருக்கே வேலை போச்சு!

இந்த நம்பர் திருவண்ணாமலைக்கு எதற்கு என்கிறீர்களா? அமெரிக்க ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி இரண்டு கடமைகள். விலைவாசி ஏறாமல் பார்ப்பது ஒன்று, வேலைவாய்ப்பு குறையாமல் பார்ப்பது இன்னொன்று. வேலை நம்பர் மோசமாக வந்தால் வட்டியைக் குறைப்பார்கள் என்று சந்தை நினைக்கும். வட்டி குறைந்தால் டாலரைவிடத் தங்கம் மேல் என்று பணம் அந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான், எங்கள் ஊர் நகைக்கடைப் போர்டில் சவரன் விலை ஏறிவிடும். ஓஹையோவில் ஒருத்தருக்கு வேலை போனால் ஓவரூரில் ஒரு கல்யாணத்துக்கு இடி!

ஜப்பானில் இன்னொரு அழகான நம்பர். வேலை தேடிப் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் எத்தனை காலியிடம் இருக்கிறது என்ற விகிதம். அங்கே அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு 'ஹலோ ஒர்க்' என்று பெயர். 2018ல் ஓர் ஆளுக்கு 1.6 இடம். உலகப் பொருளாதாரம் படுத்த 2009ல் 0.42 வரை இறங்கியது, ஜப்பானே பதறியது.

நம்மூர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2024ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஓர் இடத்துக்கு 320 பேர். ஜப்பான் பாணியில் சொன்னால் ஓர் ஆளுக்கு 0.003 இடம். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும் விகிதம் பெரிதாக மாறிவிடவில்லை. இதில் ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருக்கிறவர்களும் உண்டு, எங்கள் தெரு பி.இ.யைப் போல. 'இருக்கிற வேலை பிடிக்கவில்லை' என்பதை எந்த வேலையின்மை நம்பரும் சொல்லாது. இந்தக் கூட்டம் சொல்லும்.

ஜெர்மனியில் இரண்டு கணக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைவாக எங்காவது வேலை செய்தாலும் வேலையில்லாதவராகவே எண்ணப்படுவார். 2025 ஆகஸ்டில் இப்படிப் பதிந்தவர்கள் 30 லட்சத்தைத் தாண்டி, 6 சதவிகிதத்துக்கு மேல் போனார்கள். ஐ.எல்.ஓ. விதிப்படி எண்ணினால் அதே ஜெர்மனியில் 4 சதவிகிதம் வாக்கில்தான். நம்மூர் ஒரு மணி நேர விதியோடு ஜெர்மனியின் பதினைந்து மணி நேர விதியை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவிகிதம். அடுத்த மாத நம்பரைக் காணோம்! வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில், மாணவர்களைக் கழித்துவிட்டுப் புதுக் கணக்கோடு திரும்பி வந்தது, 14.9.

பிரிட்டனில் வேறு தலைவலி. சர்வேக்காரர்களுக்குப் பதில் சொல்லவே ஆளில்லை. 2023ல் கேட்ட நூறு பேரில் பதினேழு, பதினெட்டுப் பேர்தான் பதில் கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் அந்தக் கணக்கையே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தார்கள்.

ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம்மிடமும் இருக்கிறது. 2017-18க்கான சர்வே 6.1 சதவிகிதம் என்று சொன்னது. அறிக்கையை வெளியிடவில்லை என்று 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும், உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். அறிக்கை வெளிவந்தது 2019 மே 31. அதற்குள் தேர்தல் முடிந்து, புது அமைச்சரவையும் பதவியேற்றிருந்தது.

மலைக்கு மேலே

எங்கள் மாவட்டத்தின் மேற்கே ஜவ்வாது மலை. வானம் பார்த்த பூமி. சாமை விதைப்பார்கள். வருஷத்தில் சில மாதம்தான் நிலத்தில் வேலை. மீதி நாளெல்லாம் யார் கூப்பிட்டாலும் போக வேண்டிய நிலை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. பாதிக்கு மேற்பட்டவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு.

அந்த இருபது பேரையும் அதற்கு முந்தின வருஷம் சர்வே செய்திருந்தால் எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்கள்? கூலி, அல்லது சொந்த விவசாயம். முதல் பெட்டி. அவர்களில் ஒருத்தர்கூட வேலையின்மை சதவிகிதத்துக்குள் வந்திருக்க மாட்டார். மலைக்கு மேலே எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, எவ்வளவு கூலி என்று கேட்டிருந்தால் மட்டுமே அவர்கள் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்று தெரிந்திருக்கும்.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் ஆரம்பித்தபோது, முதல் கட்டத்தில் நாட்டில் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் ஆறு. அந்த ஆறில் திருவண்ணாமலை ஒன்று. வேலையின்மை சதவிகிதம் அதிகம் என்று பார்த்து எடுத்த பட்டியல் இல்லை அது. பின்தங்கிய மாவட்டங்கள் என்று எடுத்தது. கூலியும் வேலை நாட்களும்தான் நிஜமான நோய் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. 2025லிருந்து இந்த சர்வேயில் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வருஷத்துக்கு சுமார் 2.72 லட்சம் வீடுகளாக்கி, மாவட்டத்தையே அடிப்படையாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் மாவட்டம் போன்றவை சென்னையின் நிழலில் மறைந்து போகாமல் தெரிய இது உதவும்.

ஆகவே வாசகர்களே, அடுத்த தடவை டி.வி.யில் யாராவது வேலையின்மை சதவிகிதத்தை வீசினால் நாலே கேள்வி கேளுங்கள். வாரக் கணக்கா, வருஷக் கணக்கா? மூணாம் பெட்டியில் எத்தனை பேர்? வேலையில் இருக்கிறவர்களில் மாதச் சம்பளம் எத்தனை பேருக்கு? கையில் என்ன கூலி?

நாலாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் பெரும்பாலும் விளம்பர இடைவேளை வந்துவிடும். விடாதீர்கள், முடிந்து வந்ததும் திரும்பவும் கேளுங்கள். சர்வேக்காரர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாலோ, "பையன் வீட்டுலதான் இருக்கான், வேலை தேடிக்கிட்டிருக்கான்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். வெட்கம் அவனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. சொன்னால்தான் நூத்துக்கு மூணு என்பது எத்தனை என்று நாட்டுக்குத் தெரியும்!